ஹனீப்பின் ஜாயின்ட், சுயம்புவின் பிளக்

தாராவியில் சுயம்புவை எல்லோரும் டெலிபோன்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் வீட்டில் டெலிபோன் கிடையாது. அவர் குடியிருந்த சால் என்ற வரிசைக் குடித்தனம் முழுக்கத் தேடினாலும் கிடையாது. ஊரார் டெலிபோன் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று நாடி பார்த்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். அதற்கென்று அவர் காக்கிச் சட்டைப்பையில் ஒரு பிளக் எப்போதும் கிடக்கும். கட்டைவிரல் பருமனில் கறுப்புப் பிடி, அதன் கீழே நடுவில் கீறலிட்ட இரண்டு பித்தளைக் கால்கள். பிடிக்குள்ளே ஒரு துண்டுக் கம்பி அந்தக் கால்கள் இரண்டையும் சேர்த்திருக்கும். அதற்கு லூப் பிளக் என்று பெயர்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கம்பியில் கரண்ட் விடுவார்கள். லைனின் மறுகோடியில், கம்பத்துப் பெட்டியில், சுயம்பு பிளக்கைச் செருகியிருப்பார். போன கரண்ட் பிளக்குக்குள் புகுந்து அடுத்த கம்பி வழியாகத் திரும்பி வந்தால் அங்கே மீட்டரில் ஊசி துள்ளும். துள்ளினால் லைன் நல்லது. ஊசி சும்மா கிடந்தால் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை 'ஓப்பன்' என்பார்கள். வேலை இவ்வளவுதான், ஆனால் சுயம்பு அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏதோ நீதிபதி தீர்ப்பு எழுதுகிற மாதிரி இருக்கும். "மனுசன் பொய் சொல்லுவான் வே. பிளக்குப் பொய் சொல்லாது" என்பார்.

இந்தப் பேச்சை அதிகம் கேட்டு அலுத்தவர் முகம்மது ஹனீப். மேலப்பாளையத்துக்காரர். அறுந்த கேபிளையும் புதுக் கேபிளையும் குழிக்குள் உட்கார்ந்து ஜாயின்ட் போடுகிறவர். தலைமுடி போன்ற கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, காகிதக் குழல் மாட்டி, மேலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி மூடுவார். சுயம்புவுக்கு வேலை நிரந்தரம். ஹனீப் இன்னும் தற்காலிகம். தாராவிக்குப் போகிற புதுக் கேபிள் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்குகிறோம் என்று அறுபத்தாறாம் வருஷம் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஹனீப்பின் குடும்பம் முழுவதும் அந்தக் கேபிளைத்தான் நம்பியிருந்தது.

கேபிள் வேலை முடிந்த கையோடு ஆயுத பூஜை வந்தது. சுயம்புவின் ஒற்றை அறைக் கோலியில் ஸ்க்ரூ டிரைவர், குறடு, சோதனை டெலிபோன், பிளக் எல்லாம் பலகையில் வரிசையாக ஏறின. ஹனீப் பூஜைக்கு வந்து உட்கார மாட்டார். ஆனால் வருஷா வருஷம் அவருடைய ஈயம் காய்ச்சும் கரண்டி மட்டும் வந்துவிடும். "நம்ம கரண்டிக்கும் ஒரு பொட்டு வைங்க மைனி" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். சுயம்புவின் மனைவி கோமதியம்மாள் கரண்டிக்குப் பொட்டிட்டு, மறுநாள் பொரிகடலையோடு திருப்பி அனுப்புவாள்.

பூஜை முடிந்த முதல் வேலை நாளில் சுயம்பு புதுக் கேபிளைச் சோதிக்கப் போனார். தாராவி முனையில் இருந்த பெட்டியில் பழைய லைன்கள் ஒரு வரிசை, புது லைன்கள் ஒரு வரிசை. பழைய லைன் ஒன்றின் ஸ்க்ரூவில் சோதனை டெலிபோனைக் கொக்கி போட்டு மாட்டினார். எக்ஸ்சேஞ்சில் மீட்டருக்கு முன்னால் சூப்பர்வைசர் அனந்தநாராயணன் உட்கார்ந்திருந்தார். சுயம்பு முதல் புது லைனில் பிளக்கைச் செருகினார்.

"செருகியாச்சா?"

"ஆச்சு சார்."

"ஊசி அசையலையே. ஓப்பன்."

அடுத்த லைன் ஓப்பன். அதற்கடுத்ததும் ஓப்பன். ஒன்றிரண்டு கெட்டிருந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. வரிசை முழுக்கச் செத்துக்கிடந்தது. ஹனீப் ஜாயின்ட் போட்டு ஒரு கம்பி கெட்டதாக சுயம்பு கேள்விப்பட்டதே இல்லை. பிளக் பொய் சொன்னதாகவும் கேள்விப்பட்டதில்லை. இரண்டில் எதை நம்புவது?

ஹனீப் குழியில் இறங்கி, மூடிய ஜாயின்டை உடைத்துப் பிரித்தார். கம்பி கம்பியாகப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. இருந்தாலும் மறுபடி முறுக்கி, மறுபடி ஈயம் ஊற்றி மூடினார். சுயம்பு மறுபடி செருகினார். ஊசி மறுபடியும் அசையவில்லை.

"கியா பாத் ஹை, ஒண்ணும் வெளங்கலியே" என்று ஹனீப் தம் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் முறுக்குனேன் வே. நல்லாத்தான் முறுக்குனேன்னு நெனைக்கேன்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அனந்தநாராயணன் சுயம்புவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்யா, அவனை உனக்கு நன்னாத் தெரியுமோல்லியோ? குடிக்கிற வழக்கம் உண்டா?"

"ஐயோ, அதெல்லாம் கெடையாது சார்."

"பின்னே என்னதான் ஆறது? நான் மேலே என்னன்னு சொல்றது?"

சுயம்புவுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. பிளக்கைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வருகிற பஸ் எத்தனாம் நம்பர் என்று ஹனீப் தம்மிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. பஸ் எதிரே வந்து நின்ற பிறகும் கேட்டார்.

"கண்ணு கொஞ்சம் மங்கல்தான் சார்" என்றார் சுயம்பு. சொல்லி முடித்ததும் ஏன் சொன்னோம் என்று இருந்தது. ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான்.

மறுநாளே ஹனீப்பை ஜாயின்ட் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, தேவ்நார் பக்கம் குழி வெட்டப் போட்டார்கள். அவர் போகும்போது யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் சுயம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. "நெய் மாதிரி வழவழன்னு ஈயம் ஊத்துவாரே, அவருக்கா கண்ணு தெரியல?" என்று கோமதியம்மாள் வேறு திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கிறவளுக்கு என்ன, பதில் சொல்கிறவனுக்கல்லவா கஷ்டம்.

புது ஆள் வந்து ஜாயின்டை மறுபடி பிரிப்பதற்கு முன்னால், இன்னொரு தடவை எல்லா லைனையும் பார்க்கச் சொன்னார்கள். சுயம்பு போனார். மனம் ஒரு நிலையில் இல்லாததால், சோதனை டெலிபோனின் கொக்கியைப் பழைய வரிசையில் மாட்டுவதற்குப் பதிலாகப் புது வரிசையில் மாட்டிவிட்டார்.

"ஹலோ, சொல்லுய்யா" என்றது அனந்தநாராயணனின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

சுயம்பு பேச வாயெடுத்தபோதுதான் கொக்கியைப் பார்த்தார். புது லைன். செத்துப்போனது என்று அவரே சொன்ன லைன்.

"சார், நீங்க எந்த லைன்ல பேசுதீங்க?"

"நீ எதிலே கூப்பிட்டியோ அதிலேதான்... இரு, இரு. இது புதுசுன்னா! ஓப்பனான லைன்ல எப்படிய்யா குரல் வரது?"

அறுந்த கம்பியில் ஆள் பேசுகிறான். பேய்தான் பேச வேண்டும். சுயம்பு கையை உதறிக்கொண்டு, பிளக்கை எடுத்து, பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற பழைய லைன் ஒன்றில் செருகினார்.

"இதைப் பாருங்க சார்."

"ஓப்பன்" என்றார் அனந்தநாராயணன்.

சுயம்பு பிளக்கைப் பிடுங்கி வெயிலில் காட்டினார். பித்தளைக் கால்கள் பளபளவென்றுதான் இருந்தன. நகத்தால் சுரண்டினார். நகக்கணுவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. கீறலுக்குள் குண்டூசியை விட்டு நோண்டினார். காய்ந்து இறுகிய சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். பூஜை வாசனை.

பிறகு வீட்டில் கேட்டபோது கோமதியம்மாள் மறைக்கவில்லை. "நீங்க பிடிக்கு மட்டும் பொட்டு வச்சீங்க. காலுக்கு வைக்காம ஒரு பூசையா? நான்தான் நல்லாப் பூசினேன். காலையில சட்டையில கறையாகுமேன்னு முந்தானையால தொடச்சிட்டேன்." பளபளப்பு வந்தது. மெல்லிசாகப் படிந்த சந்தனம் போகவில்லை.

பெட்டியடியில் நின்ற அந்த நேரத்தில் சுயம்புவுக்கு ஒரு எண்ணம் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. பிளக்கைத் துடைத்துவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். சந்தனக் கதை யாருக்கும் தெரியாது. ஆனால் ஹனீப் போட்டது கெட்ட ஜாயின்ட் என்றே நின்றுவிடும். சுயம்பு மிச்சச் சந்தனத்தைத் துடைக்காமல் பிளக்கை அப்படியே எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டு போனார்.

அனந்தநாராயணன் பிளக்கை வாங்கிப் பார்த்தார். பிறகு தம் முன்னால் இருந்த மீட்டரைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் பூஜைக்கு வைத்த குங்குமம் இருந்தது. "சந்தனத்தால கேபிள் கெட்டுதுன்னு நான் எப்படிய்யா மேலே சொல்லுவேன்?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். "பிளக்கிலே அழுக்குன்னு சொல்லிக்கறேன். அவனை வரச் சொல்லு."

சுயம்பு தேவ்நாருக்கு ஓடினார். ஹனீப் இடுப்பளவு குழியில் நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தார். சுயம்பு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். ஜாயின்டில் குற்றமில்லை, பழைய வேலை திரும்பி வந்துவிட்டது, நிரந்தரமும் ஆகிவிடும். ஹனீப் மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு, தம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சந்தோசம் வே. பிளக்குக் காலுல சந்தனம். சரி. எனக்குக் கண்ணு மங்கல்னு ஆபீசுல சொன்னீராமே, அது என்னது?"

சுயம்பு குழி விளிம்பில் குந்தினார். "அன்னைக்குப் பஸ் நம்பரை என்கிட்ட கேட்டீருல்லா..."

"பஸ்ஸுல நம்பரை மராட்டில எழுதிப் போட்டிருக்கான் வே. எனக்கு மராட்டி எழுத்துத் தெரியாது." ஹனீப் குழியிலிருந்து ஏறி வந்தார். "ஊரு லைனையெல்லாம் சோதிச்சுப் பாக்கீரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா?"

பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். ஹனீப்புக்கு நிரந்தர உத்தரவும் வந்தது. வழியில் பார்த்தால் சிரிப்பார், டீ வாங்கிக் கொடுப்பார். கோபமா, கோபம் போய்விட்டதா என்று சுயம்புவுக்குப் பிடிபடவே இல்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கரண்டி வருமா வராதா என்று கோமதியம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி வந்தது. ஹனீப் வரவில்லை, பக்கத்துக் கோலிக்காரர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"சந்தனம் மட்டும் வைக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார் வந்தவர்.

"கேலி பண்ணுதாரா, மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுதாரா?" என்று கோமதியம்மாள் கேட்டாள்.

சுயம்பு கரண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன தெரியும்? பிளக் வைத்துப் பார்க்கிற சமாசாரமா அது? மற்ற சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்தார். ஹனீப்பின் கரண்டியைக் கழுவித் துடைத்து, ஒன்றும் வைக்காமல், பலகையின் நடுவில் வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.