ஐப்பசிக்கு எழுதிய தேதி

எங்கள் பக்கத்தில் மழைக்காலம்தான் வைத்தியம் பார்க்கிற காலம். தை பிறந்து உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்துவிட்டால் புரட்டாசி வரைக்கும் யாருக்கும் உடம்பு என்று ஒன்று கிடையாது. பல் பிடுங்குவது, கர்ப்பப்பை எடுப்பது, பிள்ளைக்குக் காது குத்துவது எல்லாம் "மழை வரட்டும்" என்று காத்துக் கிடக்கும். ஐப்பசியில் பாத்திகள் மூழ்கியதும் மரக்காணத்தில் பஸ் ஏறி, புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் போய் வரிசையில் நிற்போம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கியதால் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கொடுத்தது ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவு. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் அளத்து ஆட்களின் விழித்திரையை என்ன செய்கிறது, சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகிறது என்று வருஷக்கணக்காகப் பார்க்கிற ஆராய்ச்சி. விழித்திரை கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிறது. அதைப் படம் எடுக்கக் கேமராவோடு வேன் வரும். வீடு வீடாகப் போய் ஆள் கூட்டி வருவது என் வேலை.

படம் எடுப்பதற்கு முன்னால் கண்ணின் பாவை விரிய மருந்து விடுவார்கள். சிக்கலே அங்கேதான். மருந்து விட்ட கண்ணோடு வெள்ளை வெளேர் என்று கிடக்கும் உப்புக்கு முன்னால் நிற்க முடியாது. அன்றைய வேலை போயிற்று. முதல் வருஷம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, நாங்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பினோம்.

"மேடம், எங்க ஆளுங்க மழைக்குத்தான் வருவாங்க. மறுபடி பார்க்குற தேதி எல்லாத்தையும் ஐப்பசியில போடுங்க" என்று வேனோடு வரும் டாக்டரம்மாவிடம் சொன்னவள் நான்தான். அந்த ஐப்பசியில் வேனுக்கு வெளியே குடைகளாக நின்றன. டாக்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அவர் ஒரு விதியும் போட்டார். ஆராய்ச்சிக்காக மறுபடி படம் எடுக்க வேண்டியவர்களுக்கு மஞ்சள் அட்டை, அவர்கள் ஐப்பசியில் வரலாம். சிகிச்சை வேண்டியவர்களுக்கு ரோஸ் அட்டை, அவர்கள் ஒரு மாதத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். "இதுல மழை வெயில் எல்லாம் கிடையாதும்மா" என்றார். நானும் அந்த விதிக்காக ஊரில் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு கிழவரை, அவர் திட்டத் திட்ட, ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த பங்குனியில் என் அக்கா வேனுக்கு வந்தாள். ஊரில் ஒரு சாவு விழுந்து அளத்தில் வேலை நின்ற நாள் அது, இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாள். உப்புச் சுமக்கும் எட்டுப் பெண்களில் அவள்தான் முன்னால் போகிறவள். ஒற்றையடி வரப்பில் அவள் கால் வைத்த இடத்தில்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வாள். எழுத்துப் பலகையில் கடைசி வரியை, பொடி எழுத்தை, இரண்டு கண்ணாலும் கடகடவென்று படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

படத்தில் அவளுடைய இடது விழித்திரை மிளகாய்த்தூள் சிந்தின மாதிரி இருந்தது. "சர்க்கரையால புதுசா ரத்தக் குழாய் முளைக்குது. ரொம்ப மெல்லிசு, உடைஞ்சா கண்ணுக்குள்ளயே ரத்தம் கொட்டும். இப்பவே லேசர் வச்சா தடுக்கலாம். நல்லாத் தெரியுதுன்னு ஏமாந்துடாதீங்க" என்றார் டாக்டர். வலது கண்ணிலும் ஆரம்பம் இருந்தது. ரோஸ் அட்டையை என்னிடம் நீட்டினார். தேதி எழுதுவது என் வேலை.

வேனுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா.

"மழை வரட்டும்டி. இப்பத்தான் உப்பு நல்லா எறங்குது. நான் போய்ட்டா அந்த ஏழு பேரும் யார் பின்னால போவாங்க?"

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"எல்லாம் விழுந்துச்சு. நான் படிச்சதை நீ பார்த்தல்ல? அளத்துல வேலை செய்யறவளுக்குக் கண்ணுல கொஞ்சம் செவப்பு இல்லாமயா இருக்கும்? ஐப்பசியில போடு. சத்தியமா வரேன்."

எழுதினேன். வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அக்கா கெஞ்சினாள் என்பது மட்டும் காரணமில்லை. பொடி எழுத்தைப் படிக்கிற கண்ணுக்கு என்ன அவசரம் என்று எனக்கும் தோன்றியது. டாக்டர் படத்தில் பார்த்ததை நான் நம்பவில்லை, அக்கா படித்ததை நம்பினேன். கழுத்தில் அட்டை தொங்கியது, புத்தி அளத்திலேயே கிடந்தது. சித்திரைக் கடைசியில் டாக்டர் பட்டியலைப் பார்த்து, "உங்க அக்கா இன்னும் வரலையே?" என்று கேட்டார். "வந்துடுவாங்க மேடம்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அக்காதான் வழக்கம்போல் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது கூழ் சொம்பில் விழாமல் என் கையில் வழிந்தது. சுடச்சுட இருந்ததால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்கா, கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். "கூட்டத்துல கை தவறிடுச்சுடி" என்று சொல்லித் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அடுத்த சொம்புக்கு ஊற்றினாள். தலையைத் திருப்பியதை நான் பார்த்தேன். ஊரெல்லாம் போய் "ஒரு கண்ணை மூடிக்கிட்டு பாருங்க" என்று பாடம் சொல்கிறவளுக்கு, எதிரே நின்ற சொந்த அக்காவிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவளுக்கு நடந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனி மாதத்தில் ஒருநாள் காலை இடது கண்ணில் கறுப்பு நூல் நூலாக இறங்கியதாம். இரண்டு நாளில் புகை மூட்டம் போல அடைத்துக்கொண்டதாம். வலி இல்லை. உப்பு உறைந்துவிட்டதா என்று அவளுக்கு உள்ளங்காலே சொல்லிவிடும். இத்தனை வருஷமாக நடந்த வரப்பும் காலுக்குத் தெரியும். முன்னால் அவள் போக, ஏழு பேரும் பின்னால் போனார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. "ஏன்கா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டதற்கு, "அதான் நீ தேதி போட்டிருந்தியே. அவசரம்னா நீ முன்னாலயே போட்டிருப்பியேடி" என்றாள்.

ஐப்பசியில் நான் எழுதிய தேதியன்று நல்ல மழை. அளம் முழுக்க ஒரே தண்ணீர். வேன் கதவைத் திறந்தபோது வரிசையில் முதல் ஆளாக அக்கா நின்றாள். ரோஸ் அட்டையைப் பால் பாக்கெட் கவரில் மடித்து வைத்திருந்தாள். ஒரு மூலை கூட நனையவில்லை.

இடது கண்ணில் கேமராவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. திரையில் வெறும் கருஞ்சிவப்பு. டாக்டர் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இத்தனை மாசம் எங்கே போனீங்க?"

"எங்கேயும் போகல மேடம். இதோ பாருங்க, என் தங்கச்சி போட்ட தேதி. ஒரு நாள் கூடத் தள்ளாம வந்துட்டேன்" என்றாள் அக்கா. பாராட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வேன்லயே கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் கட்டி, தழும்பு இழுத்து, விழித்திரை பிய்ந்து வந்து நாளாகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். விழித்திரையை ஒட்ட வைத்தார்கள், பார்வையை மீட்க முடியவில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் என்கிறாள், விரலை ஆட்டினால் தெரியவில்லை என்கிறாள். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். அதையாவது காப்பாற்றலாம், ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும், மாதா மாதம் வர வேண்டும் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் போட வேண்டிய தேதியைத் தள்ளிப் போட்டு டாக்டரிடமும் மறைத்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நான்தானேடி கேட்டேன்" என்று அவள் அதை முடித்துவிட்டாள். என்னால் முடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே, நர்ஸ் ஒரு புது ரோஸ் அட்டையை அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா தலையை இடது பக்கம் நன்றாகத் திருப்பி, நான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"நீயே போடுடி தேதி. நீ போட்டா தப்பாம வந்துடுவேன்."

அட்டையை வாங்கினேன். பேனாவைத் திறந்தேன். பிறகு இரண்டையும் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.