இரண்டாவது கேன்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல் வந்த வருஷம், புது மாப்பிள்ளை வந்து தங்கியதுபோல் இருந்தது எங்கள் வீடு. தனிச் சமையல், தனித் தண்ணீர், தனிக் கவனிப்பு. கல் என்னவோ கடுகளவுதான். ஆனால் அது போட்ட ஆட்டம் இருக்கிறதே, அடேயப்பா!

அவர் மீன் பெட்டி ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பாம்பனுக்கும் ராமநாதபுரத்துக்கும் நாளெல்லாம் வெயிலில் ஓட்டம். ஒருநாள் உச்சிப்புளி தாண்டியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டியவர், நான் போய்ச் சேர்வதற்குள் ரோட்டோரத்தில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தார். பிரசவ வலியைக் கண்டவள் நான். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சில நாளில் கல் தானாகவே வெளியே வந்துவிட்டது. வலி போய்விட்டது, பயம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பழியை போர் தண்ணீர் மேல்தான் போட்டார்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. நான் அந்தக் கரிப்பைக் குடித்தே வளர்ந்தவள். "இனி அதை வாயில வைக்காதீக மதினி, உங்களுக்கும் கல்லு வந்துரும்" என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து குடிக்கக் கேன் தண்ணீர் மட்டும்தான்.

கேன் விஷயத்தில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். வண்டி வருகிற அன்று வீட்டுக்கு ஒரு கேன். விருந்தாளி வந்தால் மட்டும் இரண்டாவது. வளைகுடாவிலிருந்து யாராவது லீவில் வந்தால், பெண் பார்க்க வந்தால், இரண்டு கேன் இறங்கும். உடனே எதிர்வீட்டிலிருந்து "யாரு வந்திருக்கா?" என்று குரல் வரும். விருந்தாளி இல்லாமல் இரண்டு கேன் வாங்குகிறவளுக்கு ஊதாரி என்று பெயர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஒரு கேனில் அவருக்கு வண்டிக்குப் பாட்டில் பாட்டிலாக நிரப்பிக் கொடுப்பேன். நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? மிச்சம் எனக்கு. மிச்சம் என்று ஒன்று இருந்தால்! போர் தண்ணீரைக் குடிக்கப் பயம். கேன் தண்ணீரைக் குடிக்க மனசு வராது. டீயிலேயே பொழுதை ஓட்டினேன்.

போதாக்குறைக்கு, நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பெண்களுக்கான கழிப்பறை மாடியில், குடோனுக்குப் பின்னால் இருந்தது. அடிக்கடி போனால் முதலாளி முகம் சுளிப்பார். அதனால் பஸ் ஏறும்போதே தண்ணீரை மறந்துவிடுவேன். சேலையைப் பிரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுபடி பிரித்துக் காட்டி வீடு திரும்பும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்.

அவருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடும் ஊறுகாயும் அவர் தட்டிலிருந்து இறங்கின. கொட்டவா முடியும்? என் தட்டில் ஏறின. வாழைத்தண்டை நார் எடுத்துச் சாறு பிழிந்து அவருக்குக் கொடுத்தேன். எனக்கு ஒரு வாய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

சிறுநீர் மஞ்சளாகப் போனது, எரிந்தது. சூடு என்று விட்டுவிட்டேன். ஒரு கல்யாண வீட்டார் முன்னால் பட்டுச் சேலையை விரித்துக்கொண்டிருந்தபோது இடது விலாவுக்குக் கீழே அந்த வலி வந்தது. விரித்த சேலை மேலேயே சரிந்துவிட்டேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. கல் சிறுநீர்க் குழாயில் அடைத்து, அந்தப் பக்கத்துக் கிட்னி வீங்கியிருக்கிறது என்றார்.

"தண்ணி எவ்வளவும்மா குடிப்பீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற இவர் பெருமையாகச் சொன்னார், "எங்க வீட்ல போர் தண்ணியே தொடுறதில்ல டாக்டர். கேன் தண்ணிதான்."

"எந்தத் தண்ணின்னு கேக்கல சார். எவ்வளவுன்னு கேட்டேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குதேன்னு பயந்து குடிக்காமலே இருந்தா கல் வராம என்ன செய்யும்? ஒண்ணுக்குப் போறது வெளுப்பா இருக்கணும். மஞ்சளா இருந்தா குடிச்சது பத்தலன்னு அர்த்தம். மோர், எலுமிச்சம்பழ ஜூஸ் எல்லாம் உப்பில்லாமக் குடிங்க. கருவாடு ரெண்டு பேருக்குமே கொறையணும். இன்னொரு வாட்டி இப்படி அடைச்சு, கவனிக்காம விட்டீங்கன்னா அந்தக் கிட்னி மிஞ்சாதும்மா."

கல்லை எடுத்து, உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தவளுக்கு, இனி நிறையக் குடிக்க வேண்டுமே என்று நினைக்கவே அலுப்பாக இருந்தது. இருக்கிற ஒரு கேனில் யாருக்கு எவ்வளவு என்று மனசு மறுபடியும் பங்கு போட ஆரம்பித்துவிட்டது. ச்சை, என்ன புத்தியோ!

வாசலில் தண்ணீர் வண்டி ஹாரன் அடித்தது. எப்போதும் நான்தான் ஓடுவேன். அன்று இவர் போனார்.

"ரெண்டு கேன் இறக்குப்பா."

"யாருண்ணே விருந்தாளி?" என்றார் வண்டிக்காரர்.

"விருந்தாளியெல்லாம் இல்லப்பா. எம் பொண்டாட்டி குடிக்க."

எதிர்வீட்டிலிருந்து குரலே வரவில்லை. இவர் கேனைத் தூக்கி வந்து கட்டிலோரம் வைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விருந்தாளிக்குக் கேட்காமலே கிடைக்கிற தண்ணீர் எனக்குக் கிடைக்க, நான் ஒரு கல்லைப் பெற வேண்டியிருந்தது.

டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். பழக்கதோஷம், "நீங்க குடிச்சீங்களா?" என்று அவர் பக்கமே நீட்டினேன்.

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீ குடி" என்றார்.

குடித்தேன். டம்ளர் காலியாகும்வரை அவர் நகரவில்லை.