அவள் எழுதிய கஸ்த்தூரி

தவளைப்பாறை நிறுத்தத்தில் அன்று காலையும் அவள் ஏறவில்லை. நடத்துநர் விசில் ஊதாமல் என்னிடம் வந்தார். "உன் பக்கத்துல குந்துமே அந்தப் பொண்ணு, ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணு முழிக்கவே இல்லியாம்மா. கீழ சொல்லிக்கினு நிக்கிறாங்க." பிறகுதான் பேருந்து புறப்பட்டது.

அவளோடு படித்த உங்களுக்குத் தெரியும், கஸ்தூரிக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. மாடிப்படி ஏறினாலே உதடு நீலமாகிவிடும். அதையும் கேலி செய்வாள்: "எனுக்கு லிப்ஸ்டிக் செலவு இல்ல, பாரு."

காணும் பொங்கலன்று நாம் எல்லோரும் அவள் ஊர்த் தவளைப்பாறைக்குப் போவோம். மாமல்லபுரத்துப் பாறைகள் கருங்கல். கடலைப் பார்த்துக் குந்தியிருக்கும் இந்தத் தவளை மட்டும் மணற்கல், யாரும் செதுக்கியதல்ல. சாவியால் கீறினாலே எழுத்து விழும். நீங்கள் உச்சியில் ஏறிப் பெயர் எழுதுவீர்கள். அவள் ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அடியில் உட்கார்ந்து கிளிஞ்சலால் எழுதுவாள். அங்கேதான் காற்று மணலை வாரி அடிக்கும். அடுத்த பொங்கலுக்குள் பெயர் தேய்ந்துவிடும்.

எப்போதும் 'கஸ்த்தூரி' என்றுதான் எழுதுவாள். போன வருடம் நான் சொன்னேன்: "நடுவுல 'த்' வராதுடி."

"எம் பேருடி. எனுக்கு எத்தினி வேணுமோ அத்தினி போட்டுப்பேன்."

"எப்படி எழுதினாலும் அழிஞ்சிடும். இது மணற்கல்லு."

"அழிஞ்சா இன்னா? மறுபடி எழுதறேன். நான் இங்கதான கீறேன்."

ஆபரேஷனுக்குச் சென்னை போவதற்கு முன் கடைசியாக அவள் பேசியதும் பாறையைப் பற்றித்தான். "பொங்கலுக்குள்ள தையல் ஆறிடுமாம். இந்த வாட்டி தவள மண்டையில எழுதறேன், பாத்துக்கினே இரு."

பள்ளியின் இரங்கல் பலகையில் 'கஸ்தூரி' என்று சரியாக எழுதியிருந்தார்கள். வேறு யாரோ ஒரு பெண் இறந்துபோனதுபோல் இருந்தது.

இந்தக் காணும் பொங்கலுக்கு நம்மில் யாரும் போவதாகப் பேசவில்லை. நான் அப்பாவோடு போனேன். பாறையடியில் அவள் பெயர் ஏறக்குறைய அழிந்திருந்தது. அழுத்திக் குத்திய இரண்டு புள்ளிகள் மட்டும் குழிகளாக மிஞ்சியிருந்தன. ஒன்று 'ஸ்' மேல் வைத்தது. மற்றது அந்த 'த்' மேல். சரியாக எழுதியிருந்தால் ஒரு புள்ளிதான் இருந்திருக்கும்.

ஒரு கிளிஞ்சலை எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினேன். தவளையின் தலையில் அவள் பெயரை எழுதினேன். அதுவும் அழியும். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு 'த்'தைத்தான். அதை விடாமல் எழுதினேன்.