கஸ்தூரி காத்திருந்த பத்து ஆண்டுகள்

ஞாயிறு காலை ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கஸ்தூரியின் பக்கத்து வீட்டுக்காரர். “சார், மேடம் தூக்கத்துலயே போயிட்டாங்க. காலண்டர்ல உங்க நம்பர் ஒண்ணுதான் எழுதியிருந்தாங்க” என்றார். வானியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில், ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் பல வருடம் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அந்த எண்ணுக்கு அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அவர் ஸ்ரீராம்புரத்து மாநகராட்சித் தொழிலாளியின் மகள், தனியாக வாழ்ந்தவர் என்பது நண்பர்களுக்குத் தெரியும். நான் அவருக்குச் செய்தது தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். செயற்கைக்கோள் ஒன்று அனுப்பிய எக்ஸ் கதிர்ப் பதிவுகளை இருவரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அமைதியாகக் கிடந்த ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி திடீரென்று ஒளிர்ந்து, சில மாதங்களில் மங்கத் தொடங்கியிருந்தது. அங்கிருக்கும் ராட்சதக் கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துவிட்டது என்றார் கஸ்தூரி. “கிட்ட இருக்கிற பக்கத்த பலமா இழுக்கும், எட்ட இருக்கிறத கம்மியா இழுக்கும். நட்சத்திரம் தாங்காது.” கிழிந்ததில் ஏறக்குறைய பாதி வெளியே வீசப்படும், மீதி உள்ளே விழுகையில் கொதித்து ஒளிரும், பிறகு மங்கிக்கொண்டே போகும் என்று கணக்கும் போட்டார். எழுதிய கட்டுரையின் வரைவில் இருவர் பெயர்களும் இருந்தன.

கருத்தரங்கில் மூத்தவர்கள் ஏற்கவில்லை. எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் கருந்துளைதான், மறுபடி பிரகாசமாகும் என்றார்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம், இருண்டிருக்கும் என்றார் கஸ்தூரி. அறையே சிரித்தது. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம் அது. மறுநாள் கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கச் சொன்னேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. “பேர எடுத்துடறேன். கணக்கு அப்படியேதான் இருக்கும்” என்றார்.

கட்டுரை அவர் பெயரில் மட்டும் வந்தது. அதன்பின் யாரும் அவரோடு சேர்ந்து வேலை செய்ய முன்வரவில்லை. நான் மற்றவர்களோடு கேன்டீனுக்குப் போவேன்; அவர் மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலந்த எள்ளு பெல்லா பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைப்பார். அன்றைய பேச்சு அதோடு சரி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, புதிய விண்தொலைநோக்கி ஒன்று அதே மண்டலத்தைப் பார்த்தது. நடுப்பகுதி ஏறக்குறைய இருண்டிருந்தது, அவருடைய கணக்குப்படியே. அச்செடுத்த தாளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“அது கிழிஞ்சப்ப பூமியில மனுஷனே கிடையாது. யாருமே பாக்காம நடந்திருக்கு. நானாச்சும் நம்பணும்ல?” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்: “இத மறுபடி எழுதணும். இதுலயாவது உங்க பேரப் போடட்டுமா?”

வேண்டாம் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் பெயர்கள் சேர்ந்து அச்சான கட்டுரை ஒன்றுகூட இல்லை. அவர் கேட்ட அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.