மேப்பிரிவுக் கல்யாணப் படங்கள்

ஹட்டன் பஜாரில் எங்கள் ஸ்டூடியோவில் கணினி வேலை பார்க்கும் ஜெயந்தினிக்குத் தன் நிழல் மேலேயே நம்பிக்கை கிடையாது. பஸ்சில் பக்கத்தில் இருப்பவர் தூங்கினால்கூட நடிப்பு என்பாள். அப்பேர்ப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றைத்தான்: தானே எழுதிய ஸ்கிரிப்டை. கமெராக்காரரின் லேப்டாப்பில் இருக்கும் படங்களைப் பெரிய டிஸ்கில் அதே ஃபோல்டர் பெயரில் சேர்த்துவிட்டு, லேப்டாப்பைக் காலிசெய்யும் ஸ்கிரிப்ட் அது.

போன ஆவணியில் றொசல்ல பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கல்யாணம். மேப்பிரிவில் சுலக்ஷனாவுக்கு, கீழ்ப்பிரிவில் இன்னொரு பிள்ளைக்கு. இரண்டையும் எங்கள் கமெராக்காரன் யோகேஸ்வரன்தான் படம் எடுத்து, லேப்டாப்பில் ‘றொசல்ல மேப்பிரிவு’, ‘றொசல்ல கீழ்ப்பிரிவு’ என்று இரண்டு ஃபோல்டராகப் போட்டிருந்தான். டிஸ்கைத் திறந்தால் ‘றொசல்ல’ என்று ஒரே ஃபோல்டர், உள்ளே கீழ்ப்பிரிவுக் கல்யாணம் மட்டும். சுலக்ஷனாவின் தாலிகட்டு எங்கே?

யோகேஸ்வரன் கீழ்ப்பிரிவுக்காரன். கோயில் தேர் முதலில் யார் பக்கம் வருவது என்று இரண்டு பிரிவுக்கும் வருசா வருசம் சண்டை. ஜெயந்தினிக்கு அது போதாதா? “இவன்தாங்க மொதலாளி அழிச்சிருக்கான்,” என்றாள். அவன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தும் பலனில்லை. முதலாளி சண்முகராஜா அவனை வீட்டில் இருக்கச் சொன்னார். விஷயம் உறுதியானால் வேலையே போய்விடும்.

உறுதிப்படுத்த ஜெயந்தினியே இறங்கினாள். பூண்டுலோயாவிலிருந்தும் இரு பிரிவுக் கல்யாணப் படங்கள் வந்திருந்தன, எடுத்தது வேறு ஆள்; அவை முழுசாக வந்தால் குற்றம் யோகேஸ்வரனுடையதுதான். அவற்றுக்கு ஒரு காப்பி ஒதுக்கிவைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்கிரிப்டை ஓட்டினாள். ‘பூண்டுலோயா’ என்று ஒரே ஃபோல்டர் வந்தது. மேப்பிரிவைக் காணோம். அறைக்குள் அவளைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை.

அன்றைக்குத்தான் ஸ்கிரிப்டைச் சந்தேகக் கண்ணோடு வாசித்தாள்.

name="$(basename $dir)"

வெளியே மேற்கோள் போட்டிருந்தாள், உள்ளே ஃபோல்டரைக் குறிக்கும் $dir வெறுமனே நின்றது. வெளி மேற்கோள் அடைப்புக்குள் இருப்பதைக் காக்காது. ‘றொசல்ல மேப்பிரிவு’ இடைவெளியில் இரண்டாக உடைந்தது. பின்துண்டை வெட்டவேண்டிய வால் என்று எடுத்துக்கொண்ட basename என்ற கட்டளை, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ‘றொசல்ல’ என்று மட்டும் சொல்லியிருக்கிறது. கீழ்ப்பிரிவுக்கும் அதே கதி. ஒரே எண் போட்ட படங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, முதலில் போன மேப்பிரிவு அழிந்துவிட்டது. பாவி மகள், "$(basename "$dir")" என்று உள்ளேயும் போட்டதும் இரண்டு ஃபோல்டரும் முழுசாக வந்தன.

அவள் மறைக்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, யோகேஸ்வரனின் லயத்து வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் திரும்பி வந்தான். சுலக்ஷனாவின் படங்கள் போனது போனதுதான்.

அடுத்த கல்யாணம் முடிந்து வந்தவனிடம் வழக்கம்போல லேப்டாப்புக்குக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

“இருங்க அக்கா, மொதல்ல நான் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிறேன்,” என்றான்.

ஜெயந்தினி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவன் எடுத்து முடிக்கும்வரை நின்றாள்.