நிறுத்தி வைத்திருந்த கண்டெய்னர்

நானும் தங்கையும் சேர்ந்து பயன்படுத்தும் லேப்டாப்பில் இடம் தீர்ந்து, வேலை பாதியில் நின்றது. கணினிக்குள் குட்டிக் கணினி மாதிரி தனித்தனியாக இயங்குகிற கண்டெய்னர்களில், ஓடாமல் கிடந்தவற்றை எல்லாம் ஒரே கட்டளையில் அழித்தேன். "நிச்சயமா?" என்று கேட்டது. y தட்டினேன்.

மதியம் சாலவாக்கம் பஸ்ஸில் வந்து இறங்கிய தங்கை திரையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, என்னுது காணோம்?"

"அது ஓடவே இல்லியே. சும்மாதான கெடந்துது?"

"நைனா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுக்குள்ளதான் போட்டு வெச்சிருந்தேன். லினக்ஸ் கத்துக்கினு இருந்தப்போ செஞ்சது. அவரு போன பின்னாடி கேக்க முடியல, நிறுத்திட்டேன்."

அவளுடைய பழைய போன் எப்போதோ உடைந்துவிட்டது. அப்பாவின் குரலுக்கு வேறு பிரதி இல்லை.

"நிறுத்திதான வெச்சிருந்தேன்? வேணாம்னு சொன்னேனா?"

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அழிக்கும் முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற கட்டளை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.