ஆனந்தராஜ் பேட்டி எடுத்த மூன்று பெண்கள்

ஏழே நாள். அதற்குள் சொர்ணவல்லி, தான் திருடியில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

மின்னஞ்சல் வந்தபோது அவள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், அன்னவாசல் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள். அனுப்பியது ‘மறுவரி’ என்ற பெண்ணிய ஆய்விதழ். அவளுடைய கட்டுரையில் எழுபத்தோரு விழுக்காடு, பேராசிரியர் ஆனந்தராஜ் சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் வெளியிட்ட கட்டுரையோடு அப்படியே ஒத்துப்போகிறதாம். விளக்கம் தராவிட்டால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போகும். போனால் ஆறு வருட ஆய்வு அதோடு முடிந்தது.

ஆனந்தராஜ் அவளுடைய நெறியாளர். ‘படித்துப் பார்க்கிறேன்’ என்று அவளிடம் மூன்று இயல்களை வாங்கி வைத்துக்கொண்டவர்.

அவள் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பவள். சனி, ஞாயிறு வந்தால் ஆதனக்கோட்டைப் பக்கம் போய், முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களோடு உட்கார்ந்துவிடுவாள். மூன்று வருடம். முந்திரி ஓட்டின் எண்ணெய் விரல் தோலைத் தின்றுவிடும். ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால், ஆளே இல்லை என்று சொல்லும். பதினான்கு பெண்கள் அவளுக்கு ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்றிலும் ரேகை கிடையாது. கறுப்பு மைப் பொட்டு மட்டும்.

பஸ் கிளம்புவதற்குள் ஆனந்தராஜின் கட்டுரையைத் தேடி இறக்கிப் படித்தாள். அவள் வாக்கியங்கள். அவள் போட்ட அரைப்புள்ளிகூட அதே இடத்தில். கடைசிப் பக்கத்தில் மட்டும் அவர் சொந்தமாக எழுதியிருந்தார்: ‘இதில் வரும் மருதாயி, சிவபாக்கியம், அன்னபூரணி ஆகியவை உண்மைப் பெயர்கள். மூவரையும் நானே நேரில் சந்தித்துப் பேட்டி கண்டேன்.’

சொர்ணவல்லி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மாற்றி எழுதுவது ஆய்வு வழக்கம். மாற்றுப்பெயர் தேடியபோது அவள் கண்ணில் பட்டவை வீட்டுக் கொட்டடியில் நின்ற ஆடுகள். அவள் அம்மா காத்தாயி, தன்னை ஆட்டிவைத்த மூன்று நாத்தனார்களின் பெயரைத்தான் ஆடுகளுக்கு வைத்திருந்தாள். நேரில் ஒரு சொல் சொல்ல முடியாது. ஆட்டைத் திட்டினால் யார் கேட்பது? இருபது வருடமாக மருதாயியும் சிவபாக்கியமும் அன்னபூரணியும் அந்தக் கொட்டடியில் தினமும் வசவு வாங்குகிறார்கள். ஒன்றை விற்றால் அதன் குட்டிக்கு அதே பெயர். பெயர் மாற்றிய குறிப்பை சொர்ணவல்லி நான்காவது இயலில் எழுதியிருந்தாள். அதை ஆனந்தராஜிடம் இன்னும் கொடுக்கவில்லை.

அப்போதும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றுதான் போன் போட்டாள்.

“என்னம்மா இது, கைடு வேற, ஸ்டூடண்ட் வேறயா? ஒன் வேல என் வேலதானே,” என்றார். “அந்தப் பொம்பளைங்க பத்திரிகைக்கு, கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிறேன்னு ஒரு மெயில் தட்டிவிட்டுரு. தீசிஸ்ல கையெழுத்து நாந்தான் போடணும். மறந்துராத.”

நியாயம் கிடைத்தால் போதும் என்ற நினைப்பு அந்த நிமிடத்தோடு போயிற்று. இனி ஆள் விழ வேண்டும். அதுவும் தன் வாயாலேயே விழ வேண்டும்.

மூன்றாம் நாளே விளக்கம் அனுப்பினாள். தேதியிட்ட களக்குறிப்பேடு, பேட்டி ஒலிப்பதிவுகள், ரேகையில்லாத பதினான்கு கைநாட்டு, கொட்டடியில் எடுத்த மூன்று ஆடுகளின் படம், அடியில் பெயர். கூடவே ஒரு வேண்டுகோள்: ‘அவரிடம் திருடினீர்களா என்று கேட்காதீர்கள். அந்த மூன்று பெண்களும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.’

இதழாசிரியர் இளமதி போனில் வந்தார். “ரெண்டு தரப்பையும் கேக்கணும்கிறது எங்க விதிதான். ஆனா இப்படி ஒரு கேள்விய நாங்க யாரையும் கேட்டதில்லைங்க.”

“கேட்டுப் பாருங்க மேடம். பதில் ரெண்டு பக்கத்துக்குக் கொறையாது.”

ஆனந்தராஜிடமிருந்து மூன்று பக்கம் வந்தது. இளமதி அதை அவளுக்கும் அனுப்பிவைத்தார். சொர்ணவல்லி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். “‘திருமதி மருதாயியைச் சென்ற மாதம்கூடச் சந்தித்தேன். நலமாக இருக்கிறார். மகளுக்கு வரன் பார்த்து வருகிறார்.’”

காத்தாயி தவிட்டுக் கையோடு நிமிர்ந்தாள். “மருதாயியா? பெரியவளத்தான் தீவாளிக்கு வியாவாரி ஓட்டிக்கிட்டுப் போயிட்டானேத்தா! இப்ப நிக்கிறது அவ குட்டியில்ல. இவரு எங்கிட்டுப் போயிப் பாத்தாராம்?”

“சிவபாக்கியத்துக்குக் கண் ஆபரேஷனாம்.”

“அடப்பாவி! நேத்துகூட அடுத்த வீட்டு முருங்கைய மொட்டையடிச்சுட்டு வந்துச்சு. கண்ணு தெரியாமயா?”

ஆனந்தராஜின் கட்டுரை தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. பல்கலைக்கழகம் சொர்ணவல்லிக்கு வேறு நெறியாளரைக் கொடுத்தது. ஆனந்தராஜுக்கு ஓராண்டுக்கு ஆய்வு மாணவர்கள் கிடையாது. அவ்வளவுதான் தண்டனை. சொர்ணவல்லிக்கு அது போதவில்லை.

‘மறுவரி’ ஏற்றுக்கொண்ட அவள் கட்டுரை அச்சுக்குப் போகுமுன், பெயர் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆதனக்கோட்டைப் பக்கம் போனாள். ஓடு உடைத்துக்கொண்டிருந்த மூக்காயி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாள்: “ஆட்டுப் பேரு எதுக்கு டீச்சர்? எம் பேரப் போடுங்க. வெரலுதான் அழிஞ்சு போச்சு, பேருமா அழிஞ்சிருச்சு?” மற்ற பதின்மூன்று பேரும் அதையே சொன்னார்கள். பதினான்கு பேரிடமும் புதிதாக ஒப்புதல் வாங்கினாள்.

‘மறுவரி’யில் ஆய்வுக்கு ஒரு பகுதி, படைப்புக்கு ஒரு பகுதி உண்டு. யார் எழுதியது என்று தெரியாமல்தான் தேர்வுக்குழு படிக்கும் என்பதால் பிரதியில் பெயர் இருக்கக் கூடாது. ஆய்வுப் பகுதியில் கட்டுரை வந்த அதே இதழின் படைப்புப் பகுதிக்கு அவள் ஒரு சிறுகதையும் அனுப்பியிருந்தாள். ஒரு பேராசிரியர் கொட்டடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று ஆடுகளிடம் வாழ்க்கை வரலாறு கேட்கிறார். ஆடுகள் மென்றுகொண்டே கேட்கின்றன: நீங்கள் யார் வீட்டுத் தீவனம் தின்கிறீர்கள் சார்? தேர்வுக்குழு ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

இதழ் வந்ததும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் ஆனந்தராஜின் துறைக்கு அனுப்பினாள், வீட்டுக்கு அல்ல. துறையில் என்றால் பியூன் பிரிப்பார். நாலு பேர் படித்த பிறகுதான் அவர் கைக்குப் போகும்.

தபால் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அவரிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. “அது மாத்துன பேருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க கேக்கவே இல்லையே சார். நாலாவது சாப்டர்ல இருந்துச்சு. அதையும் வாங்கியிருக்கலாம்.”

அவர் வைத்துவிட்டார்.

அந்த வாரம் அன்னபூரணி ஒரு கிடாக்குட்டி போட்டது. பிறந்த மூன்றாம் நாளே பக்கத்துக் கொல்லைக்குள் நுழையப் பார்த்தது. காத்தாயி கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கத்தினாள். “ஏத்தா சொர்ணம், அந்த சாரு பேரு என்னன்னு சொன்ன?”

“ஏன்?”

“சொல்லேன்.”

சொர்ணவல்லி ஒரு நொடி யோசித்தாள். பிறகு, பட்டத்தையும் சேர்த்துச் சொன்னாள்.